மஹபூப் பாஷாவின் ஜப்பான் ரீல்

ஆம்பூரில் பாலாற்றங்கரைத் தோல் ஷாப் ஒன்றில் மஹபூப் பாஷாவுக்குத் தோல் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட ஆட்டுத்தோல் அவர் முன்னால் இடுப்பளவு குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறை உருட்டுவார். உடனே அது முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று மூன்று குவியல்களில் ஒன்றில் போய் விழும். கண் தோலின் மேல் இருக்காது. எதிரே யார் நின்றாலும் அவரோடு சிரித்துப் பேசியபடியே இருப்பார். லண்டனுக்குப் போன கட்டுகளில் பாஷா பிரித்த கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே ஒரு கல்யாண விருந்தில் சொன்னார். பாஷா அன்றைக்கு வெட்கத்தில் பிரியாணியை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து வந்தாராம்.

முப்பத்தொன்றாம் வருஷம் லண்டனில் தோல் விலை படுத்துவிட்டது. ஆம்பூர் ஷாப்புகளில் பாதி மூடிக் கிடந்தன. பாஷாவுக்கு மூன்று மாதம் வேலை இல்லை. சும்மா உட்காரத் தெரியாத மனிதர். மூங்கில் கழி ஒன்றை வெட்டி, நூலும் முள்ளும் கட்டிக்கொண்டு ஊருக்குத் தெற்கே மலையடிவாரத்து ஏரிக்குப் போனார். முதல் வாரம் ஒன்றும் படவில்லை. இரண்டாவது வாரம் ஒரு கெளுத்தி கையைக் குத்திக் கிழித்தது. மூன்றாவது வாரம் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மாட்டியது. அதை வேட்டி முனையில் சுற்றிக்கொண்டு அவர் ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்துத் தெருவில் யாருக்கோ பிரசவ வலி கண்டுவிட்டது என்று நினைத்தார்களாம்.

ஷாப் திறந்து, வேலை திரும்பி வந்த பிறகும் தூண்டில் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கழியைத் தூக்கிவிடுவார்.

"வேலை இல்லாதப்போ மீன் புடிச்சீங்க, சரி. இப்ப இன்னாத்துக்கு?" என்று அவர் மனைவி ஜஹீருன்னிசா கேட்டாள். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. நமக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"பாவம், அதுங்களுக்கு நான் வர்றது பழக்கமாய்டுச்சு" என்றார் பாஷா.

அவரோடு ஏரிக்குப் போகிற கூட்டாளி பஞ்சாட்சரம். ரயிலடிக்குப் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஒல்லி உடம்பு, கனத்த குரல். மீன் பிடிப்பதில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. பாஷா மீனோடு படுகிற பாட்டைப் பார்ப்பதில்தான் நாட்டம். ஆளுக்கொரு சைக்கிளில் போய், புளியமரத்தடியில் உட்காருவார்கள்.

அந்த ஏரியில் ஒரு வாளை இருந்தது. மதகுக்கு எதிரே ஆழமான இடத்தில் அது புரளும்போது எருமைக் கன்று குளிப்பதைப் போலத் தண்ணீர் ஒதுங்கும். பாஷாவின் தூண்டிலில் அது மூன்று முறை பட்டது. முதல் முறை நூல் அறுந்தது. இரண்டாவது முறை முள் நிமிர்ந்தது. மூன்றாவது முறை கழியே முறிந்தது. பாஷா அடிக்கழியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நுனிக்கழி ஏரியைச் சுற்றி ஒரு பவனி போய்விட்டு மறைந்தது.

"பாய், அது உன்னப் புடிக்கத்தான் வருது. நீ ஒண்ணும் அதப் புடிக்கல" என்று பஞ்சாட்சரம் சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கரையில் வேறொருவர் நின்றிருந்தார். ஜோலார்பேட்டை ரயில்வேயில் இன்ஜின் ஓட்டுகிற டிகாஸ்டா துரை. ஆங்கிலோ-இந்தியர், ஐம்பது வயது, தலையில் சோலா தொப்பி. அவருடைய கழியின் அடியில் பித்தளை பூட்டிய கருஞ்சக்கரம் ஒன்று இருந்தது. சக்கரம் நிறையப் பட்டு நூல். மீன் பட்டதும் துரை இழுக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டார். சக்கரம் சுழன்று நூலைக் கொடுத்துக்கொண்டே போனது. மீன் களைத்து நின்றதும் கைப்பிடியைச் சுற்றி நூலை வாங்கினார். மறுபடி ஓடியது, மறுபடி விட்டார். கால் மணி நேரத்தில் பெரிய விரால் ஒன்று, அழைத்த விருந்தாளியைப் போல அவர் காலடிக்கு வந்து சேர்ந்தது.

பாஷா அருகே போய்ச் சலாம் சொன்னார். "துரை, இது இன்னா?"

"ரீல், மேன். ஹார்ட்வெல் ரீல். சீமையிலே செஞ்சது. மீனோட சண்டை போடக் கூடாது. பேச்சுக் குடுக்கணும். அது பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கணும்" என்றார் துரை தம்முடைய ரயில்வேத் தமிழில்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பாஷா இரண்டு நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் ஜஹீருன்னிசாவே கேட்டுவிட்டாள். விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனிதர் தனக்கென்று ஒரு பொருள் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"வாங்குங்க. ஆனா நல்லதா வாங்குங்க. பேர் போட்டதா இருக்கணும்" என்றாள்.

இங்கேதான் வம்பு தொடங்கியது. வேலூரில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் ஹார்ட்வெல் ரீலும் விற்கிறது, அதே அச்சில் ஜப்பான் ரீலும் வந்திருக்கிறது, சீமை ரீல் விலையில் ஜப்பான் ரீல் நாலு வாங்கலாம் என்று பஞ்சாட்சரம் எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்தார்.

"என் கடையில ஜப்பான் பெல்லு, ஜப்பான் லாம்பு எல்லாம் ஓடுது பாய். பேருக்கு எதுக்குத் துட்டு? மீனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஜஹீருன்னிசா ஒரு பீங்கான் கோப்பையை மட்டும் வெளியே நீட்டினாள். அதற்குக் காது இல்லை. "அண்ணன்கிட்ட காட்டுங்க. ஜப்பான் கோப்பைதான் இது. சாயா ஊத்துன முதல் நாளே காது கைக்கு வந்துடுச்சு, கோப்பை மடியில வுழுந்துடுச்சு."

பஞ்சாட்சரம் கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கடை பெல்லுகளிலும் அப்படிச் சில உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையிலேயே இருவரும் வேலூர் பஸ் ஏறினார்கள். பள்ளிகொண்டாவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றபோது பஞ்சாட்சரம் கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா வேண்டிக்கினே?" என்று பாஷா கேட்டார். "உன் பொஞ்சாதி வாயிலேர்ந்து என்னைக் காப்பாத்தச் சொன்னேன்" என்றார் அவர்.

கடை வேலூர்க் கோட்டைக்கு எதிர்த் தெருவில் இருந்தது. கடைக்காரர் கோதண்டராமன், நெற்றியில் நாமமும் கழுத்தில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரமுமாக, துப்பாக்கிகளுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். இருந்த இடத்திலிருந்தே இரண்டு ரீல்களையும் எடுத்துக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தார்.

பார்வைக்கு ஜப்பான் ரீல்தான் ஜோர். நிக்கல் பூச்சில் முகம் தெரிந்தது. பெட்டியில் பூக்கள் வரைந்திருந்தன. ஹார்ட்வெல் கறுப்பாக, சுமாராக இருந்தது. அதன் வயிற்றில் கம்பெனிப் பெயர் மட்டும் பொடி எழுத்தில் பொறித்திருந்தது.

பாஷா கண்ணை மூடிக்கொண்டார். முதலில் ஜப்பான் ரீலைச் சுற்றினார். சுற்றியது, ஆனால் மை காணாத வண்டிச் சக்கரம்போல உள்ளே ஏதோ லேசாக முனகியது. கைப்பிடியில் ஒரு தளர்ச்சி. பிறகு ஹார்ட்வெல்லைச் சுற்றினார். சுற்றுவதே தெரியவில்லை. கையை எடுத்த பிறகும் அது நிற்க மறந்து சுழன்றது.

"வித்தியாசம் இருக்குதுப்பா" என்றார்.

"இருக்காதா பின்னே?" என்று கோதண்டராமன் ஹார்ட்வெல்லைக் கையில் எடுத்தார். "முக்கியமான வித்தியாசம் இங்க பாருங்கோ. நூல் சுத்துற உருளைக்கு மேல நாக்கு மாதிரி ஒரு தோல் இருக்கு பாருங்கோ. பெரிய மீன் ஓடறச்சே கட்டைவிரலால இத அமுத்தினா உருளை மட்டுப்படும். அதுதான் பிரேக். ஜப்பான்காரன் அத வைக்கல. வெறும் விரல வச்சா தோல் உரிஞ்சு போயிடும்."

பாஷாவின் கட்டைவிரல் அந்தத் தோல் நாக்கின் மேல் போய் நின்றது. ஆள்காட்டி விரல் அடியில் போனது. ஒரு முறை உருட்டினார். முகம் மாறியது. ரீலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ஐயரே, இது நம்மூர்த் தோல்!"

"ஐயங்கார்" என்று திருத்திவிட்டு, "சீமைத் தோல்ங்காணும்" என்றார் கோதண்டராமன்.

"செஞ்சது சீமையா இருக்கட்டும். தோல் ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டையில ஊறுனது, கடுக்காய்த் தண்ணி பாஞ்சது. அந்த ரெண்டும் சேர்ற வாசனை நம்ம பக்கத்துலதான் வரும். மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்து கட்டுக் கட்டா லண்டனுக்குப் போவுதே, இன்னா பண்றாங்கன்னு நெனச்சீங்க?"

கோதண்டராமன் நம்பவில்லை. பாஷாவின் கண்ணைத் தம் அங்கவஸ்திரத்தால் தாமே கட்டினார். ஒரு துப்பாக்கி வாரைக் கையில் கொடுத்தார். "எருமை. முதுகுத் தோல் இல்ல, வயித்துப் பக்கம். ஏமாத்திட்டான் உங்கள" என்றார் பாஷா. ஒரு கிரிக்கெட் பந்தைக் கொடுத்தார். "மாடு. படிகாரம் போட்டது." அடுத்துத் தம் சொந்த மணிபர்ஸைக் கொடுத்தார். பாஷா அதை ஒரு முறை உருட்டினார். "செம்மறி. கலர் பூசி மான்னு சொல்லி வித்துருப்பாங்க."

கோதண்டராமன் பர்ஸை வாங்கித் தாமும் முகர்ந்து பார்த்தார். மான்தோல் என்று மாமனார் தீபாவளிக்குக் கொடுத்தது அது. கடைவாசலில் அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தம் செருப்பைக் கழற்றி நீட்டினார். இன்னொருவர் ஜட்கா வண்டிக் கடிவாளத்தையே அவிழ்த்துக்கொண்டு வந்தார். பாஷா கண்கட்டை அவிழ்ப்பதற்குள் அரைமணி ஆகிவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் பாஷா இரண்டு ரீல்களையும் இன்னொரு முறை பார்த்தார். சீமை ரீலை விட்டால் அவருக்குக் கிடைக்காதது அந்த வழுக்கல் ஓட்டம். ஜப்பான் ரீலில் இல்லாதது அந்த நாக்கு. நாக்குக்கு வேண்டிய தோல் ஆம்பூரில் அவர் காலடியில் மிதிபடுகிறது.

"ஜப்பானே குடுங்க" என்றார்.

வீட்டில் ஜஹீருன்னிசா பூப்போட்ட பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடி வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பாஷாவுக்குச் சாயா அந்தக் காதில்லாத கோப்பையில் வந்தது.

ஆனால் அவர் உட்கார்ந்து தோலை வெட்டத் தொடங்கியதும் அவளால் தள்ளி இருக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் சரிகைத் தொப்பி தைத்தவள். பாஷாவின் முதல் நாக்கு மெல்லிய தோல். ஈரம் பட்டதும் இழுபட்டு நாய் நாக்கு மாதிரி தொங்கியது. இரண்டாவது எருமைத்தோல், உருளையில் பட்டதும் பன்றி கத்துவதுபோலக் கத்தியது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒத்தையா எதுக்கு வெக்கறீங்க? தொப்பி ஓரம் மாதிரி ரெண்டா மடிச்சுத் தைக்கலாம்ல?" என்றாள் ஜஹீருன்னிசா. தோலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எந்தப் பக்கம் நூல் மேல படணும்?"

"வழவழப்பு உள்ள. சதைப் பக்கம் வெளிய. அப்பதான் புடிக்கும்."

ஆட்டின் முதுகுத் தோலில் இரண்டு விரல் அகலம் வெட்டி, இரண்டாக மடித்து, மெழுகு தேய்த்த நூலால் பொடித் தையலாகத் தைத்தாள். பஞ்சாட்சரம் ரீலைக் கழற்றி, தளர்ந்த கைப்பிடிக்குச் சைக்கிள் நட்டு ஒன்றைப் பூட்டி, உள்ளே எண்ணெய் விட்டு, குறுக்குக் கம்பியில் நாக்கை இறுக்கினார். பாஷா கட்டைவிரலால் அமுக்கினார். உருளை முரண்டு பண்ணாமல் மெதுவாக நின்றது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சாட்சரத்தின் எதிரே வரக் கூடாது என்ற நினைவே இல்லாமல் ஜஹீருன்னிசா கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். நினைவு வந்ததும் உள்ளே ஓடினாள்.

மார்கழி மழை ஓய்ந்து ஏரி ததும்பி நின்ற ஒரு வெள்ளிக்கிழமை. பாஷா மதகுக்கு எதிரே தவளையை இரையாகக் கோத்து எறிந்தார். கொஞ்சம் தள்ளி டிகாஸ்டா துரையும் போட்டிருந்தார். பஞ்சாட்சரம் வழக்கம்போல மரத்தடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்கிற நேரம், நூல் ஒரு பக்கமாக நகர்ந்தது. பாஷா மூன்று எண்ணிவிட்டுக் கழியை வெட்டி இழுத்தார். தண்ணீர் வெடித்தது. வாளை!

ரீல் அலறியது. நூல் ஓடிய வேகத்தில் உருளை கண்ணுக்கே தெரியவில்லை. பாஷா கட்டைவிரலை நாக்கின் மேல் வைத்தார். அமுக்கவில்லை, சும்மா தொட்டார். பிறகு கொஞ்சம் அழுத்தினார். இருபது வருஷமாகத் தோலின் நல்லது கெட்டதைப் பார்த்த விரல் அது. மீன் எவ்வளவு பலத்தில் இழுக்கிறது, நூல் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த இரண்டு மடிப்புத் தோல் வழியாகவே அது தெரிந்துகொண்டது. சூடேறிய தோலின் வாசனை எழுந்தது. வாளை ஏரியின் நடுவரை போய் நின்றது.

"பேசட்டும், மேன்! பேச வுடு!" என்று துரை தம் கழியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

பாஷா சுற்றி வாங்கினார். அது மறுபடி ஓடியது. விட்டார். வாங்கினார். மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகு சுற்றும்போது கைப்பிடியின் கட்டைக் குமிழ் கழன்று தண்ணீரில் விழுந்தது. பஞ்சாட்சரம் பூட்டிய நட்டு பிடித்திருந்தது. ஜப்பான்காரன் வைத்த குமிழ்தான் கைவிட்டது. வெறும் ஆணியைப் பிடித்துச் சுற்றினார். விரல் நழுவியது, ரத்தம் வந்தது.

"பஞ்சாட்சரம், எறங்குப்பா!"

வேர்க்கடலை சிதற, பஞ்சாட்சரம் வேட்டியோடு மார்பளவு தண்ணீரில் இறங்கினார். கரையோரம் வந்த வாளையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். அது வாலால் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. அவர் விடவில்லை. இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள், ஒன்றாக வெளியே வந்தார்கள். கடைசியில் துரையும் பாஷாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, பஞ்சாட்சரத்தையும் மீனையும் சேர்த்துக் கரையில் இழுத்துப் போட்டார்கள்.

மீனைச் சைக்கிள் கம்பியில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலை முன்சக்கரத்தின் மேலேயும் வால் பின்சக்கரத்தின் மேலேயும் தொங்கியது. தோல் ஷாப்பில் கட்டு நிறுக்கிற தராசில் போட்டபோது இருபத்தெட்டு ராத்தல். அன்றைக்குத் தெருவில் குழம்பு கொதிக்காத வீடு இல்லை. பஞ்சாட்சரம் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் ஆகாது. ஆகவே அவர் பங்கு மஞ்சள் தடவிக் காத்திருந்து, சனிக்கிழமை பொரிந்தது.

ஜஹீருன்னிசா தான் தைத்த நாக்கைத் தடவிப் பார்த்தாள். நடுவில் கறுத்திருந்தது, ஒரு தையல்கூட விடவில்லை. "அந்தக் கோப்பை மாதிரி இல்ல, இதுக்குக் காது நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி, அவர் விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

அடுத்த வாரம் டிகாஸ்டா துரை தம் ஹார்ட்வெல்லோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய நாக்கு தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. "சீமைக்கு எழுதினா ஆறு மாசம், மேன். மேடம் ஒண்ணு தைப்பாங்களா?" மேடம் தைத்துக் கொடுத்தாள். துரை ஜோலார்பேட்டையில் நாலு பேரிடம் காட்டினார். அந்த நாலு பேர் வேலூரில் கோதண்டராமனிடம் போய்க் கேட்டார்கள். ஐயங்கார் தாமே ஆம்பூருக்கு பஸ் ஏறி வந்தார்.

"என் கடையில இருக்கற ஜப்பான் ரீல் அத்தனைக்கும் நாக்கு வேணும் பாய். நாக்கில்லாம எவனும் தொடமாட்டேங்கறான்."

பாஷா தோலைப் பொறுக்கினார், ஜஹீருன்னிசா தைத்தாள், பஞ்சாட்சரம் குமிழ்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு பூட்டினார். 'ஆம்பூர் நாக்கு வைத்தது' என்று ஐயங்கார் கடையில் அட்டை தொங்கியது. கூலி இன்னது என்று பேசும்போது பாஷா ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "முதல் கூலி ஒரு ஹார்ட்வெல் ரீலாவே இருக்கட்டும்."

அப்படித்தான் சீமை ரீலும் அந்த வீட்டுக்கு வந்தது. பாஷா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். "என்னதான் சொல்லு, சீமை சீமைதான். வழுக்கிக்கினு போவுது." யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால், "துட்டு இருந்தா ஹார்ட்வெல்ல வாங்கு. இல்லன்னா ஜப்பான வாங்கிக்கினு நேரா என் வூட்டுக்கு வா" என்பார்.

ரம்ஜான் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் இரண்டு கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பமே ஏரிக்குப் போனது. ஆண்கள் மதகுப் பக்கம் இருக்க, பெண்கள் கரை வளைந்து போகிற மறைவில் பாய் விரித்துச் சேமியாப் பாயசம் கிண்டினார்கள். ஜஹீருன்னிசா, "நாக்கு தைக்கறவளுக்கு அது எப்படிப் புடிக்குதுன்னு தெரிய வேணாமா?" என்று சொல்லி ஹார்ட்வெல் பூட்டிய கழியைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து கூச்சல். பாஷா விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். புர்காவின் முகத்திரையைத் தலைமேல் தூக்கிப் போட்டு, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, ஜஹீருன்னிசா ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நாத்தனார்கள் ஆளுக்கொரு யோசனை கத்தினார்கள். கழி வில்லாக வளைந்திருந்தது.

"குடு, குடு, நான் பார்த்துக்கறேன்!" என்று பாஷா கையை நீட்டினார்.

"தள்ளி நில்லுங்க. அது பேசிக்கினு இருக்குது!"

விரால் கரைக்கு வந்தது. நல்ல கறுத்த விரால், முழங்கைக்கு மேலேயே இருக்கும். அவள் அதைத் தானே தூக்கி, தானே முள்ளைக் கழற்றி, பாய் மேல் போட்டாள். பாஷா ரீலை வாங்கிக்கொள்ள மறுபடியும் கையை நீட்டினார். அவள் கழியைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் ஜப்பான் இருக்குதே!"

பாஷா சிரித்த சிரிப்பு மதகுவரை கேட்டது. அவர் திரும்பிப் போய்த் தம் ஜப்பான் ரீலை எடுத்துக்கொண்டார். ஜஹீருன்னிசா அதற்குள் அடுத்த தவளையைக் கோத்துவிட்டாள்.